தவிர்க்க வேண்டியவர் யார்?

கர்ப்பகாலத்தில் தவிர்க்க வேண்டியவை என்ற பட்டியலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில், ஸ்கேன் மையத்தில் காத்திருக்கும்போது புரட்டும் இதழில், மகப்பேறு மருத்துவர் தரும் சிறு கையேட்டில் அது இருக்கிறது. மது அருந்தக் கூடாது. புகைபிடிக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை விழுங்கக் கூடாது. கனமான பொருளைத் தூக்கக் கூடாது. பூச்சிமருந்து, பெயிண்ட் வாடை பக்கம் போகக் கூடாது. கடைசியில் பெரும்பாலும் இன்னொன்றும் இருக்கும்: கவலைப்படக் கூடாது.

இந்த வாக்கியங்கள் எதிலும் எழுவாய் இல்லை. இலக்கண வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று நடத்துவோம். சொல் வெளியே தெரியாது. ஆனால் யாரைக் குறிக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. மது அருந்தக் கூடாதவள் அவள். தூக்கக் கூடாதவள் அவள். கவலைப்படக் கூடாதவளும் அவளே. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தீங்கு வராமல் காப்பது ஒரு கடமை என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கடமையின் எழுவாயாக ஒருத்தி மட்டும் நிறுத்தப்படுவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

பட்டியல் பொய்யல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெண்ணியம் பேசுகிறவர்கள் மருத்துவ அறிவுரையை எல்லாம் ஆணாதிக்கம் என்று தள்ளிவிடுவார்கள் என்றொரு கருத்து இருக்கிறது. அப்படித் தள்ளுவது பெண்களுக்குச் செய்யும் துரோகம்.

மது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை அடைகிறது. அதனால் குழந்தையின் வளர்ச்சியும் மூளையும் பாதிக்கப்படுவதை 1968இல் பிரான்சிலும் 1973இல் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். கர்ப்பகாலத்தில் இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று எந்த அளவும் இன்றுவரை நிறுவப்படவில்லை. புகையிலையின் நிகோடினும் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடும் கருவுக்குப் போகும் ரத்தத்தையும் பிராணவாயுவையும் குறைக்கின்றன. குழந்தை எடை குறைந்து பிறக்கிறது, நாள் முந்திப் பிறக்கிறது, சில வேளை இறந்தே பிறக்கிறது. வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட், முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை கருவுக்குக் கேடு செய்யும் என்பது உறுதியாகத் தெரிந்தது. ஈயமும் பாதரசமும் அப்படியே. இவற்றைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு. தெரிந்தும் சொல்லாமல் விடுவது அவளைக் குழந்தையாக நடத்துவது.

ஆனால் இதே அறிவியல் இன்னும் இரண்டு செய்திகளையும் சொல்கிறது. அவை பட்டியலில் வருவதில்லை.

ஒன்று, காலம். கருவில் மூளையும் தண்டுவடமுமாக ஆகப்போகும் நரம்புக்குழல் கருத்தரித்த ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அப்போது பல பெண்களுக்குத் ‘தள்ளிப்போயிருக்கிறது’ என்ற சந்தேகமே இப்போதுதான் வந்திருக்கும். ஃபோலிக் அமிலம் கருத்தரிப்பதற்கு முன்பே தேவைப்படுவது இதனால்தான். கர்ப்பம் உறுதியான பிறகு கையில் கிடைக்கும் பட்டியல் பல விஷயங்களில் தாமதமாக வரும் பட்டியல்.

இரண்டு, உடலின் நினைவு. உடலுக்குள் போகும் ஈயம் எலும்பில் படிந்து பல பத்தாண்டுகள் கிடக்கும். கர்ப்பத்தில் குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு சுண்ணாம்புச் சத்தை விட்டுக்கொடுக்கும்போது அந்த ஈயமும் கூடவே இறங்கி வருகிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுமையாக நிறுத்தப்பட்டது 2000ஆம் ஆண்டில். அதற்கு முன் சாலையோரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த சிறுமி மூச்சில் இழுத்தது, பின்னாளில் அவள் வயிற்றில் வளர்ந்த குழந்தை வரை வந்திருக்க முடியும். அந்தச் சிறுமி எதைத் தவிர்த்திருக்க வேண்டும்? சாலையையா, பள்ளிக்கூடத்தையா?

கட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பும் இருக்க முடியும். அறம் பற்றிய எந்தச் சிந்தனை மரபும் இதை மறுக்காது. ஒருவரால் செய்ய முடியாததைச் செய்யவில்லை என்று அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கர்ப்பிணி விஷயத்தில் மட்டும் இந்த எளிய நியாயத்தை நாம் மறந்துபோகிறோம்.

வயிற்றின் மேல் எழுதப்பட்ட பழி

இது நேற்று வந்த பழக்கமல்ல. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்றொரு பகுதி உண்டு. அதில் ஒரு பாட்டு, தாயின் வயிற்றில் மலம் மிகுந்தால் குழந்தை மந்தமாகும், நீர் மிகுந்தால் ஊமையாகும், இரண்டும் ஒத்து மிகுந்தால் பார்வை இராது என்கிறது. உடற்குறை பற்றிப் பேச்சு வரும்போது மேடையில் விரும்பி எடுத்துச் சொல்லப்படும் பாட்டு இது. கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். தாயின் வயிறுதானே காரணம்!

ஆனால் அதே பகுதியில் அதற்கருகிலேயே இன்னொரு பாட்டு இருக்கிறது. கூடும் வேளையில் பாயும் மூச்சு குறைந்தால் குழந்தை குள்ளமாகும், இளைத்தால் முடமாகும், நடுவில் தடைப்பட்டால் கூன் விழும் என்கிறது அது. அந்த மூச்சு பெண்ணுக்கு உரியதல்ல என்று சொல்லியும் முடிக்கிறது. அதாவது, ஆணின் பங்கு இது என்று தனியே பிரித்து வைத்திருக்கிறது.

இரண்டு பாட்டின் உடலியலும் இன்று செல்லாது. அது போகட்டும். கவனிக்க வேண்டியது, பழைய நூல் பழியை இரண்டாகப் பிரித்து இருவர் தலையிலும் வைத்தது என்பதே. நம் பேச்சுவழக்கு அதிலிருந்து தாயின் வயிற்றை எடுத்துக்கொண்டு தகப்பனின் மூச்சை விட்டுவிட்டது. மரபு என்று நமக்குச் சொல்லப்படுவது பல நேரம் மரபிலிருந்து யாரோ பொறுக்கி எடுத்த பாதிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். கர்ப்பிணி எதைச் செய்யக் கூடாது என்று உங்கள் வீட்டில் சொல்வார்களோ அதையெல்லாம் எழுதுங்கள் என்றேன். பப்பாளி, அன்னாசி, எள், கிரகணம், கத்தரிக்கோல், இரவில் மரத்தடி, சாவு வீடு, நிலை வாசலில் உட்காருவது என்று கரும்பலகை நிரம்பிவிட்டது. காயாக இருக்கும் பப்பாளியின் பாலைப் பற்றிய எச்சரிக்கைக்குக் கொஞ்சம் அடிப்படை உண்டு. பழுத்த பப்பாளிக்கு அது பொருந்தாது. கிரகணத்தால் கருவுக்கு எதுவும் ஆவதில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் பேசிவிட்டு, இதே காலத்தில் கணவன் எதைச் செய்யக் கூடாது என்று சொல்வார்கள், அதையும் எழுதுங்கள் என்றேன். நீண்ட நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒருத்தி வந்து, முடி வெட்டக் கூடாது என்று எழுதினாள். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்குள் புகைபிடிக்கும் கணவனின் புகை மனைவியின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் எடையையும் குறைக்கிறது. டாஸ்மாக்கிலிருந்து திரும்பி வந்து அடிக்கும் கை கருவையும் அடிக்கிறது. கர்ப்பகாலத்து வன்முறை கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் காரணமாகிறது என்பது மருத்துவம் அறிந்த ஒன்று. அவன் செய்யக் கூடாதவற்றின் பட்டியலில் இவை இல்லை; முடி வெட்டக் கூடாது என்பது இருந்தது.

காக்கிறோம் என்று வெளியேற்றுவது

பொறுப்பை ஒருத்தி மேல் மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் இரண்டு தொழிற்சாலைகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் காட்டின.

1977இல் கலிபோர்னியாவின் லாத்ரப் நகரில் டி.பி.சி.பி. என்ற பூச்சிக்கொல்லி தயாரித்த ஆண் தொழிலாளர்கள் தங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசிப் பேசிக் கண்டுகொண்டார்கள். சோதித்ததில் விந்தணு குறைந்தோ இல்லாமலோ போயிருந்தது. ஆண்களை இந்த வேலையிலிருந்து விலக்கிவிடலாம் என்று தீர்வு வரவில்லை. அந்த ஆண்டே அந்தப் பொருளின் பயன்பாட்டைப் பெருமளவு நிறுத்திவைத்தார்கள். 1979இல் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்தார்கள். அதே பொருள் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களுக்குப் பிறகும் போனது. அங்கே உழைத்தவர்களின் கதை வேறு. ஆனால் தன் நாட்டு ஆண் தொழிலாளியின் உடல் கெட்டபோது, மாற வேண்டியது ரசாயனம்தான் என்று அந்த நாட்டுக்கு உடனே புரிந்தது.

1978இல் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் இருந்த அமெரிக்கன் சயனமிட் ஆலையில் ஈயம் கலந்த வண்ணப்பொடிப் பிரிவு இருந்தது. ஈயம் கருவைக் கெடுக்கும் என்ற காரணம் காட்டி, கருத்தரிக்கக்கூடிய பெண்கள் அங்கே வேலை செய்யக் கூடாது என்று நிறுவனம் விதித்தது. கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் தொடரலாம். ஐந்து பெண்கள் அறுவை செய்துகொண்டு வேலையைத் தக்கவைத்தார்கள். காற்றில் ஈயம் இருந்தது இருந்தபடியே இருந்தது. வழக்கு நடந்து 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

அப்போது மின்கலம் செய்துவந்த ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனமும் 1982இல் இதே மாதிரி ஒரு விதியைக் கொண்டுவந்தது. குழந்தை பெற இயலாது என்று மருத்துவச் சான்று தராத பெண் யாரும் ஈயம் இருக்கும் வேலைக்கு வரக் கூடாது. அவளுக்கு ஐம்பது வயதானாலும் சரி, குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலும் சரி. வழக்குத் தொடுத்தவர்களில் ஓர் ஆணும் இருந்தார். தகப்பனாக விரும்பியதால் உடலில் ஈயம் இறங்கும் வரை விடுப்புக் கேட்டிருந்தார் அவர், நிறுவனம் மறுத்திருந்தது. ஈயம் விந்தணுவையும் பாதிக்கும் என்பது அப்போதே தெரிந்ததுதான். 1991 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிறக்கப்போகும் பிள்ளையின் நலனைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்று வளர்க்கப்போகும் பெற்றோர்கள்தான், முதலாளி அல்ல என்பது அதன் சாரம்.

நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 87ஆம் பிரிவும் ஆபத்தான வேலைகளிலிருந்து சிலரை விலக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. யாரையெல்லாம் என்றால் பெண்களை, வளரிளம் பருவத்தினரை, குழந்தைகளை. வயதுவந்த பெண் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று பாருங்கள்.

கருவைக் காப்பது நோக்கமாக இருந்தால் காற்றைச் சுத்தம் செய்திருக்கலாம். அதற்குச் செலவாகும். பெண்ணை வெளியேற்றச் செலவில்லை. கருவின் பெயரால் இங்கே மிச்சமானது பணம்.

தட்டு மடியில் இருக்கும் வீடுகள்

பெண்ணை வேலையிலிருந்து விலக்கியே தீர வேண்டும் என்று துடிக்கும் இந்த அக்கறை, அவள் உழைப்பு மலிவாகத் தேவைப்படும் இடத்தில் காணாமல் போய்விடுகிறது. இதற்குத் தமிழ்நாட்டில் பீடித் தொழிலைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலும் வேலூர் பக்கம் குடியாத்தத்திலும் பீடி சுற்றுவது பெண்களின் வேலை. இலையையும் தூளையும் நூலையும் கடையிலிருந்து வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக் கட்டாக்கித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சரியில்லை என்று கழித்துவிட்டால் அதற்குக் கூலி கிடையாது. காலையிலிருந்து இரவு வரை தட்டு மடியில் இருக்கும். தூள் விரல் வழியாகத் தோலில் இறங்கும், மூச்சில் ஏறும், சமைக்கும் அறையிலும் குழந்தை தூங்கும் பாயிலும் படியும்.

பீடிக் கட்டின் மேல் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. படம் புகைப்பவருக்காக. சுற்றியவளுக்கு எந்த எச்சரிக்கையும் ஒட்டப்படுவதில்லை. புகைபிடிக்கக் கூடாது என்று கர்ப்பிணிக்குச் சொல்லும் பட்டியல் அவளுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவள் வாழ்நாளில் ஒரு பீடியும் பிடித்திருக்கமாட்டாள்.

முன்பு சொன்ன அதே வகுப்பில் ஒரு மாணவி, தான் வயிற்றில் இருந்தபோது அம்மா பீடி சுற்றியதையும் வலி எடுத்த அன்றும் தட்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னாள். பப்பாளியைத் தொடவிடாத வீட்டில் தூளைத் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பு எரியாது. அவள் அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் எல்லா அம்மாவும் அப்படித்தான் என்றாள்.

பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இல் வந்த சட்டம், வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளியாக ஏற்றது. மகப்பேறு உதவிச் சட்டம் அவளுக்கும் பொருந்தும் என்றது. சட்டப்படி அவள் ஓய்வெடுத்திருக்கலாம், அதற்குப் பணமும் பெற்றிருக்கலாம். அதற்கு அவள் பெயரில் பாஸ் புத்தகம் இருக்க வேண்டும். இன்னொருத்தி பெயரில் இருக்கும் புத்தகத்துக்குச் சுற்றிக் கொடுக்கிறவளுக்கு எந்தச் சட்டமும் இல்லை. தவிர்க்க முடிவதற்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுக்க முடியாதவளிடம் தவிர்க்கச் சொல்வது அறிவுரை ஆகாது.

இதைவிடவும் விலக முடியாத இடங்கள் உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். 2000ஆம் ஆண்டில்தான் அது நின்றது. கிணற்றிலும் ஓடையிலும் அது இறங்கியது. நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011இல். அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் எதைத் தவிர்த்திருக்க முடியும்? தண்ணீரையா, மழையையா? ஜப்பானின் மினமட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீனில் ஏறி, மீனிலிருந்து தாய்க்கும் தாயிலிருந்து கருவுக்கும் போனது. தாய்க்கு அறிகுறி குறைவாகவும் பிள்ளைக்குக் கடுமையாகவும் இருந்தது. மீன் உடம்புக்கு நல்லது என்று நம்பிச் சாப்பிட்ட பெண்கள் அவர்கள். கடலோர ஊரில் வேறு எதைச் சாப்பிடுவார்கள்?

தவிர்ப்பதும் ஆபத்தாகும்போது

1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளும் அஞ்சாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் 10,000 குழந்தைகள் போலக் கை கால் வளர்ச்சி குன்றிப் பிறந்திருந்தார்கள். பிறக்கும் முன்பே போனவர்களுக்குக் கணக்கில்லை. அந்தத் தாய்மார்கள் மருத்துவர் சொன்னதைக் கேட்டவர்கள். தயாரித்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012இல், அரை நூற்றாண்டு கழித்து. அத்தனை காலமும் குற்ற உணர்வைச் சுமந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று சரி: மருந்தைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். இன்னொன்று விபரீதம்: சோதனையிலிருந்து பெண்களையே ஒதுக்கிவிட வேண்டும். 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய பெண்களை ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993இல்தான் அதை மாற்றிக்கொண்டது. விளைவு, பல மருந்துகள் கர்ப்பிணிக்குக் கெடுதலா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது மருந்துச் சீட்டில் ‘தவிர்க்கவும்’ என்று அச்சாகிறது.

2021ஐ நாம் மறந்திருக்க முடியாது. ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை என்பதால் அவர்களுக்குப் போட வேண்டாம் என்றார்கள். ஏப்ரலும் மே மாதமும் இரண்டாம் அலையில் போயின. கர்ப்பிணிகளுக்கும் போடலாம் என்று அரசு அறிவித்தது ஜூலை 2ஆம் தேதி. கர்ப்பத்தில் கொரோனா வந்தால் ஆபத்து கூடும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. காக்கிறோம் என்று சொல்லிக் காவல் இல்லாமல் விட்ட மாதங்கள் அவை.

வலிப்பு மாத்திரையைப் பயந்து தானாக நிறுத்திவிடும் பெண்ணுக்கு வரும் வலிப்பு அவளையும் கொல்லலாம், கருவையும் கொல்லலாம். மாற்று மருந்து உண்டு, அதைக் கருத்தரிக்கும் முன்பே திட்டமிட்டு மாற்ற முடியும் என்று உட்கார வைத்துச் சொல்ல ஒரு மருத்துவர் தேவை. ‘தவிர்க்கவும்’ என்ற ஒரு சொல் அந்த உரையாடலின் இடத்தை நிரப்பாது.

தவிர்க்காதவள்

இதுவரை நான் சொன்னவர்கள் எல்லோரும் தவிர்க்க முடியாதவர்கள், அல்லது ஏமாற்றப்பட்டவர்கள். அவர்களுக்காகப் பேசுவது எளிது. முடிந்தும் தவிர்க்காதவளை என்ன சொல்வது? தெரிந்தே குடிக்கிறவளை, வெற்றிலையோடு புகையிலையை விட முடியாதவளை?

கருவைத் தொடர்வது என்று ஒரு பெண் முடிவெடுத்துவிட்டால், பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவள் கடமைப்பட்டவள்தான் என்று நான் நினைக்கிறேன். கருவைக் கலைக்கும் உரிமைக்காக நிற்பதும் இதைச் சொல்வதும் முரண் அல்ல. கலைத்துவிட்டால் துன்பப்பட அங்கே ஒருவர் இல்லை. பெற்றெடுத்தால் ஒருவர் இருப்பார். நாளை அவர் தன் உடலோடு வாழ வேண்டும். அவர்மேல் அக்கறை கொள்வது தாய்மையைத் தெய்வமாக்குவதும் ஆகாது, பெண்ணைப் பாத்திரமாக்குவதும் ஆகாது.

ஆனால் கடமை இருக்கிறது என்பதாலேயே அதைத் தடியால் நிறைவேற்றும் அதிகாரம் பிறருக்கு வந்துவிடாது. அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்று 1989 முதல் கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் ஒப்புதலின்றிப் போதைப்பொருளுக்காகச் சோதித்துக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தது. கைதானவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினப் பெண்கள். சிலரைப் பிரசவமான கையோடு விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சோதனை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது. தண்டனையால் எந்தக் குழந்தையும் காக்கப்படுவதில்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும் என்று தெரிந்த பெண் மருத்துவரிடமே வரமாட்டாள்.

நம் ஊரில் கைது இல்லை; ஏச்சு இருக்கிறது. பிரசவ வார்டில் காதில் விழும் வசைகள் நமக்குத் தெரியும். புகையிலை போடுகிறவள் ஏன் போடுகிறாள் என்று கேட்பவர்கள் குறைவு. நாற்று நடும் வயலில் மதியம் வரை பசியைத் தள்ளிப்போட அது உதவுகிறது. பசியைத் தீர்க்காமல் புகையிலையை மட்டும் பிடுங்கப் பார்ப்பது யாருக்கான சுகாதாரம்? அடிமையாகிப்போனவளுக்கு வேண்டியது சிகிச்சை. குடிநோய் மறுவாழ்வு மையங்களில் கர்ப்பிணிக்கு என்று எத்தனை படுக்கை இருக்கிறது?

அரசின் பரிவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு உதவிச் சட்டம் 26 வார விடுப்பு தந்தது. இரண்டு பிள்ளை இருந்து மூன்றாவது பெறுகிறவளுக்கு 12 வாரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு அரசு தரும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவியும் முதல் இரண்டு பேறுகளுக்கு என்றே வகுக்கப்பட்டது. மூன்றாவது குழந்தை வளர்வதும் அதே மாதிரி ஒரு வயிற்றில்தான். கருவின் நலனே குறி என்றால் இந்த எண்ணிக்கை எதற்கு?

பயமுறுத்தப் பயன்படும் உடல்கள்

இந்தப் பேச்சில் நாம் இன்னொருவரையும் காயப்படுத்துகிறோம். இதைச் சாப்பிட்டால் குழந்தை ஊனமாய்ப் பிறக்கும் என்று எச்சரிக்கும்போது, ஊனத்தோடு வாழ்கிற ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கலாம். என் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள். தன் உடலை ஒரு குற்றத்தின் சான்றாக, தன் அம்மா செய்த தவறின் தண்டனையாகக் கேட்டு வளர்வது எப்படி இருக்கும்?

நஞ்சைத் தடுக்க வேண்டியது, அது ஒருவர்மேல் அவர் கேளாமலே சுமத்தப்படும் தீங்கு என்பதால். அப்படிப் பிறந்தவர்கள் வாழத் தகுதியற்றவர்கள் என்பதால் அல்ல. தாலிடோமைடால் கை இல்லாமல் பிறந்தவர்கள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், வழக்காடி, இழப்பீடு பெற்றார்கள். காசர்கோட்டுத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தது, இவர்கள் பிறந்திருக்கக் கூடாது என்று சொல்ல அல்ல. இவர்கள் வாழ வேண்டும், அதற்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்ல. பிறக்கும் முன் ஒன்பது மாதம் பட்டியல் போட்டுக் காத்த சமூகம், பிறந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு சாய்தளமும் ஒரு சிறப்பாசிரியரும் கேட்டால் எங்கே போகிறது?

எழுவாயை எழுதுவோம்

பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதை முழுமையாக எழுதச் சொல்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயை வெளியே கொண்டுவருவோம்.

கணவன் வீட்டுக்குள் புகைபிடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. மாமியார், கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை மருமகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது. பீடிக்கடைக்காரர் பெயர் பதியாமல் வேலை வாங்கக் கூடாது. தோட்ட முதலாளி, பெண்கள் நிற்கும் வயலில் மருந்து தெளிக்கக் கூடாது. ஆலை, ஈயத்தைக் காற்றில் விடக் கூடாது. மருந்து நிறுவனம், சோதிக்காததைப் பாதுகாப்பானது என்று விற்கவும் கூடாது, சோதிக்காமலே தவிர்க்கவும் என்று கைகழுவவும் கூடாது. மருத்துவர் ஏசக் கூடாது. அரசு, மூன்றாவது பிள்ளையை எண்ணிக்கையாகப் பார்க்கக் கூடாது.

இத்தனை எழுவாய்களுக்குப் பிறகு கர்ப்பிணியும் வரட்டும். அவள் மது அருந்தாமல் இருக்கட்டும், மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு விழுங்கட்டும். அப்போது அவள் செய்வது பலர் சேர்ந்து தூக்கும் ஒரு சுமையில் தன் பங்கு. கவலைப்படக் கூடாது என்ற கடைசி வரியை அன்றைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கவலைப்படுவதற்கு அவளோடு வேறு ஆட்களும் இருப்பார்கள்.